மூன்றாம் மாடிக் கதவு

ஈரப்புல்லும் வியர்வையும் சாம்பிராணியும் கலந்த மணம் ஒன்று உண்டு. அது மூக்கில் பட்டால் எனக்கு உடனே பத்து வயதாகிவிடும். பிரெஞ்சு பேசும் ஊரான லாசாலில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் நாலாம் மாடியில், ஜன்னலுக்குக் கீழிருந்த ஹீற்றரின் மேல், என் அண்ணன் சுதனின் ஹெல்மெட் அந்த இலையுதிர்காலம் முழுக்கக் காய்ந்துகொண்டிருந்தது. புதுக் காருக்கு வைப்பதுபோல அம்மா அதன் நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்திருந்தார். ஆட்டத்தில் அழிந்துபோகும் பொட்டு அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி முளைத்துவிடும்.

அண்ணனுக்கு அப்போது பதினேழு வயது, கதவை அடைக்கிற உடம்பு. பள்ளிக்கூட அணியில் அமெரிக்கன் ஃபுட்போல் ஆடினான். பந்தை அவன் தொட்டு நான் பார்த்ததில்லை. பந்து வைத்திருப்பவனை யாரும் நெருங்காதபடி முன்னால் நின்று மோதுவதுதான் அவன் வேலை. அம்மாவுக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை. "எல்லாற்றை பிள்ளையளும் அடிபட்டு உடுப்பைக் கிழிச்சுக்கொண்டு வரும். இவன் அடிபடுறதுக்கெண்டே உடுப்புப் போட்டுக்கொண்டு போறான்" என்று தெரிந்தவர்களிடம் சலித்துக்கொள்வார். அந்தச் சலிப்பில் பாதி பெருமை.

அப்பா இரவு வேலை பார்த்துப் பகலில் தூங்குபவர் என்பதால் எங்கள் வீட்டில் எல்லாமே அடங்கிய குரலில்தான் நடக்கும். வீட்டுக்கு வரும் பிரெஞ்சுக் கடிதங்கள் என் இலாகா. அம்மா தையல் தொழிற்சாலையிலிருந்து வந்து, முகம் கழுவி, "தேத்தண்ணி"யோடு "குசினி" என்கிற சமையலறையின் மேசையில் இருப்பார். நான் பக்கத்தில் நின்று வரிவரியாகத் தமிழில் சொல்வேன். அண்ணனுக்கும் பிரெஞ்சு தண்ணீர்பட்ட பாடுதான், ஆனால் அவனிடம் கொடுக்கமாட்டார். "அவன் தனக்கு ஏத்தமாதிரி வாசிப்பான். பிள்ளை உள்ளதை வாசிக்கும்" என்பார். அந்த வயதில் எனக்குக் கிடைத்த ஒரே பட்டம் அது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசிப்பேன்.

ஒக்டோபரில் ஒரு மழைநாள் ஆட்டத்தில் இரண்டு பேர் ஒன்றாக வந்து அவன் தலையில் மோதினார்கள். விழுந்தான், எழுந்தான், பார்த்துக்கொண்டிருந்த என்னைத் தேடிக் கை காட்டினான். இருவரும் பஸ்ஸில் வீடு திரும்பினோம். மேப்பிள் இலைகள் ஒட்டிய கண்ணாடிக்கு அப்பால் தெருக்கள் மெதுவாக மிதந்து போயின. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டு வந்தான். படியேறும்போது மூன்றாம் மாடியிலேயே நின்றவன், எங்கள் வீட்டுக்கு நேர் கீழே இருந்த வீட்டின் கதவில் சாவியை விட்டுத் திருப்பத் தொடங்கினான். "பகிடி" விடுகிறான் என்று நினைத்துச் சிரித்தேன். அவன் பொறுமையாகத் திருப்பிக்கொண்டேயிருந்தான். கதவைத் திறந்த வெள்ளைக்காரப் பெண்மணி "போன்ஜூர்" என்றபோது, "அம்மா எங்கை?" என்று அவரிடம் தமிழில் கேட்டான். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கையைப் பிடித்து மேலே கூட்டிப் போனேன். வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. உங்கள் மகனின் தலையில் அடிபட்டிருக்கிறது. தலையிடி, வாந்தி, தடுமாற்றம் ஏதாவது வீட்டில் கண்டீர்களா. கண்டிருந்தால் ஆடக்கூடாது, இல்லையென்றால் கையெழுத்திடுங்கள். அண்ணன் படிக்கட்டிலேயே என்னை மறித்தான். "வாணி, அந்தக் கேள்வியை மட்டும் விட்டிடு. சனிக்கிழமை அமெரிக்கக் கொலிஜ் ஒண்டிலையிருந்து என்னைப் பாக்க ஆக்கள் வருகினம். இனி ஒருக்காலும் வரமாட்டினம்." அதற்கு முன் அவன் என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை.

குசினியில் வாசித்தேன். சனிக்கிழமை பெரிய ஆட்டம், பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்றேன். "அவ்வளவுதானோ?" என்று அம்மா கேட்டார். "ஓம்" என்றேன். ஒவ்வோர் எழுத்தாக அடுக்கி, தமிழில் கையெழுத்துப் போட்டார். அந்தச் சனிக்கிழமை அண்ணனை யாராலும் அசைக்க முடியவில்லை.

பிறகு வந்ததெல்லாம் கனவில் கண்டதுபோலத்தான் நினைவிருக்கிறது. அமெரிக்கக் கல்லூரி, அதன்பின் தொழில்முறை அணிகள், மூன்று நகரங்களில் ஒன்பது வருடங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து, ஒரே அச்சில் வார்த்த அந்த ராட்சதர்களுக்குள் அவன் முதுகைத் தேடுவோம். முதுகைக் கண்டதும் அம்மா எழுந்துபோய்ச் சாமிப்படத்துக்கு விளக்கேற்றுவார். வர்ணனையாளர்கள் எங்கள் குடும்பப் பெயரைத் துண்டு துண்டாக நொறுக்குவார்கள். அதைக் கேட்டு அப்பா தூக்கக் கலக்கத்தோடு சிரிப்பார். அண்ணன் விழுந்து எழும்பும் ஒவ்வொரு தடவையும், கை காட்டுகிறானா என்று நான் பார்ப்பேன். அவன் அங்கே நிற்பது நான் சொன்ன பொய்யினால் என்பது எனக்கு ஒருநாளும் மறந்ததில்லை.

இப்போது அவன் ஆடுவதில்லை. அப்பா இல்லாத அதே நாலாம் மாடி வீட்டில், வெளிச்சத்தில் கண் கூசுவதால் திரைகளை மூடிக்கொண்டு, அம்மாவோடு இருக்கிறான். சில நாட்களில் மூன்றாம் மாடியிலிருந்து யாராவது அவனைக் கூட்டி வருகிறார்கள். புல்திடல் இருந்த இடத்தில் கட்டடங்கள் எழும்பிவிட்டன. ஹீற்றருக்கு மேல் குளித்துத் துவட்டிய "துவாய்" காய்கிறது. சென்ற மாதம் துணிந்து அந்தக் கடிதத்தைப் பற்றி அவனிடம் சொன்னேன். "நான் உன்னட்டை அப்பிடிக் கேட்டனானோ?" என்றான், சின்னச் சிரிப்போடு. மழையும் பஸ்ஸும் அந்தப் பெண்மணியும் அவனிடம் இல்லை. அந்த நாளை வைத்திருப்பவள் இனி நான் ஒருத்திதான்.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அம்மா முகம் கழுவி, தேத்தண்ணியோடு மேசையில் வந்திருந்து, "வாசி பிள்ளை" என்றார். ஒரு வரியும் விடாமல் வாசித்தேன். கடைசியில் குடும்பத்தாருக்கு ஒரு கேள்வி: இந்தத் தடுமாற்றத்தை முதன்முதலில் எப்போது கவனித்தீர்கள்? அம்மா யோசித்துவிட்டு, "போன வருசம் தைப்பொங்கல் மட்டில எண்டு எழுது" என்றார்.

எழுதப்போன பேனாவைக் கீழே வைத்தேன்.

"இல்லையம்மா" என்றேன். "எனக்கு அப்ப பத்து வயசு."