திருமலை பார்க்காத முதல் ரவுண்டு

டீக்கடைத் தூணில் முதுகைச் சாய்த்து, இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே தூக்கி, நடுவில் கிளாஸ் ஆவி விட்டுக்கொண்டிருக்க, திருமலை ஜார்ஜ் ஃபோர்மனிடம் அடி வாங்கிக்கொண்டிருப்பார். "ஒருத்தன் அடிச்சிக்கினே இருந்தா இன்னா ஆவும்? அவன் கைதான் நோவும்."

பென்னலூர்க்காரர். வல்லம் வடகாலில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் பெயின்ட் லைனில் வேலை. நாற்பது தாண்டிவிட்டது, குத்துச்சண்டை மேடை எதையும் மிதித்ததில்லை. ஆனால் 1974-இல் ஆப்பிரிக்காவில் முகமது அலியும் ஃபோர்மனும் மோதிய ஆட்டம் அவர் செல்போனில் இருக்கிறது. சுங்குவார்சத்திரத்துக் கடையில் மெமரி கார்டில் ஏற்றியது. அலி கயிற்றில் சாய்ந்து அடி வாங்கியே எதிராளியைக் களைக்க வைத்து, எட்டாவது ரவுண்டில் சாய்த்தார் என்பது ஊரறிந்த கதை. திருமலை அதைப் பிழைப்பு நடத்தவும் வைத்துக்கொண்டார்.

சூப்பர்வைசர் ரகுபதி சத்தம் போட்டால் சுவரில் சாய்ந்துகொள்வார். ஞாயிறு ஓ.டி. என்றால் தலையாட்டுவார். "சோந்துடுவாரு பாரேன்" என்பார், பக்கத்தில் டீ குடிக்கும் என்னிடம். ரகுபதி சோர்ந்தபாடில்லை. இரண்டு வருஷமாக ஆடி ஞாயிறன்று ஊர் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது இவர் கம்பெனியில் பெயின்ட் லைனில் நின்றார். இந்த ஆடிக்கு மனைவி சசிகலா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "இந்த வாட்டியும் நான் தனியா அண்டாவத் தூக்கினேன்னு வெச்சிக்க, அந்த அலியாண்டயே போயி சோறு கேளு."

அந்த வாரம்தான், அவர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் திருநெல்வேலிக்காரர் முப்பிடாதி, டீக்கடையில் தன் போனில் முழு ஆட்டத்தையும் போட்டுக் காட்டினார். "அண்ணாச்சி, ஒங்க கார்டுல மொத நாலு ரவுண்டே கெடையாது. கடைக்காரன் எடம் பத்தலன்னு வெட்டிட்டாம் போல."

மணி அடித்ததும் அலி கயிற்றுப் பக்கமே போகவில்லை. நேராக நடுமேடைக்கு வந்து வலது கையால் குத்தினார். மறுபடியும் வலது. திருமலையின் டீ ஆறிப்போனது.

"எடது கைலதான் ஆரம்பிப்பாங்க. வலது பின்னால கீது, அது வரதுக்குள்ள எதிராளி டீ சாப்ட்டு வந்துடுவான். தெரிஞ்சே அடிக்கிறாரு பாரு" என்றார் திருமலை. கயிற்று ரவுண்டுகள் வந்தன. "சாஞ்சிக்கினும் சும்மா இல்ல. நடுநடுவுல மூஞ்சிலயே குடுக்கறாரு. இது என் கார்டுலயும் கீது. நான்தான் பாக்கல." முகம் தொங்கிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது.

மறுநாள் ஷிப்ட் முடிந்து ரகுபதி டீக்கடைக்கு வந்தார். அவர் வாய் திறக்கும் முன்பே திருமலை தூணை விட்டு நடுக்கடைக்கு வந்துவிட்டார். "சார், ஞாயித்துக்கெழம நான் வரல. எங்க ஊர்ல கூழு."

ரகுபதி கொஞ்சம் முழித்தார். "அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? ரெண்டு வருஷமா நீதான தலையாட்டிக்கினு இருந்த?"

திருமலை அவருக்கும் ஒரு டீ சொன்னார்.

ஞாயிறன்று தூக்குச்சட்டியோடு கோயிலுக்குப் போனேன். அண்டாவுக்குப் பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திருமலை. பக்கத்தில் வெங்காயத் தட்டோடு சசிகலா, முகமெல்லாம் சிரிப்பு. நான் மூடியைக் கழற்றிச் சட்டியைச் சரியாகப் பிடிப்பதற்குள் வலது கைக் கரண்டி வந்துவிட்டது. பாதிக் கூழ் என் சட்டைமேல். துடைத்துக்கொண்டு நான் நிமிர்வதற்குள், அடுத்த கரண்டியோடு வலது கையை ஓங்கி நின்றார்.