படத்தை நிறுத்திய அன்று

ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், இரண்டாயிரங்களில், கொல்லிமலையில் ஓர் இணைய மையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருந்தது ஒரே லினக்ஸ் கணினி.

அதே மலையின் திருப்புலி நாட்டுப் பகுதி மிளகு விவசாயி ஒருவர், மஸ்கட்டில் இருக்கும் மகனை வீடியோவில் பார்க்க மனைவியோடு வந்தார். அந்த அம்மாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, கைச்சாடைதான் பேச்சு. மகனின் முகம் தெரிந்ததுமே படம் உறைந்தது. கேமரா, கேபிள் எல்லாம் பார்த்தேன். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கவே, படத்தை நிறுத்தினேன். குரல் தெளிந்தது.

“ஏனுங்க சார், மூஞ்சி தெரிஞ்சாத்தானுங்க இவ பேசுவா.”

“இதென்ன சினிமாக் கொட்டாயா? காது இருக்கறவங்க பேசிட்டுக் கெளம்புங்க” என்றேன்.

வரிசை சிரித்தது. “அம்மா எங்கப்பா?” என்று மகன் கேட்டுக்கொண்டிருந்தான். கறுத்த திரையைப் பார்த்து அந்த அம்மா கைகளை அசைத்துக்கொண்டே இருந்தார்.

அவர்கள் வெளியே போனபிறகுதான் கவனித்தேன். காலையில் நான் போட்டுவிட்ட லினக்ஸ் அப்டேட் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. இணைப்பை அதுதான் தின்றிருக்கிறது. அதை நிறுத்தியதும் அடுத்தவருக்குப் படம் பளிச்சென்று வந்தது.

எதிரே பஸ்ஸுக்காக இருவரும் நின்றிருந்தார்கள். கூப்பிட்டால் தவறு என்னுடையது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். கூப்பிடவில்லை.

பஸ் ஏறுமுன் அந்த அம்மா என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் பதிலுக்குக் கும்பிட்டேன். திட்டியதைவிட, நான் அப்படிக் கும்பிட்டதைத்தான் என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.