அடைத்தவர் பெயர்

பதினோரு வருடமாகச் சுவரில் ஓட்டை அடைக்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? வேலைக்குப் போகும் கட்டடத்திலெல்லாம் அவள் ஓட்டை மேடம்தான். மின்கம்பியும் குழாயும் தீத்தடுப்புச் சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் தீப்பிடிக்காத பஞ்சைத் திணித்து, மேலே சிவப்புப் பசை பூசுவாள். முன்னும் பின்னும் போட்டோ எடுப்பாள். எண், தேதி, அடைத்தவர் பெயர் எழுதி ஸ்டிக்கர் ஒட்டினால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

அவளுக்கு வாய்த்த எதிரி எலக்ட்ரீஷியன். சொந்த அக்கா புருஷன் வேறு. இவள் அடைத்துவிட்டுத் திரும்பினால் போதும், மனுஷனுக்கு விட்டுப்போன கம்பி ஒன்று ஞாபகம் வந்துவிடும். மறுபடி குடைவார்.

அன்று பத்து மணிக்கு ஆய்வாளர் வருவதாக இருந்தது. ஏதாவதோர் அடைப்பை அறுத்துப் பார்ப்பார். உள்ளே கோளாறு என்றால் அவள் உரிமம் போய்விடும். ஒன்பதே முக்காலுக்குக் கடைசிச் சுற்று வந்தவள் நாலாம் மாடியில் நின்றுவிட்டாள். ஸ்டிக்கர் இல்லாத ஒரு சிவப்பு அடைப்பு. விரலால் அமுக்கினாள். மெத்தென்று உள்ளே போனது.

“மாமா, இது யார் வேலை?”

“உன்னோடதுதாம்மா. மறந்துட்டியா?” ஏணி மேலிருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்கள் தூங்கப்போகும் அறைகள். புகை நுழைய இந்த ஓட்டை தாராளம். பிரித்து அடைத்தாலும் பசை காய ஒரு நாள் ஆகும். ஒரு ஸ்டிக்கரை எடுத்தாள். அடைத்தவர் என்ற இடத்தில் மாமாவின் முழுப்பெயரை இனிஷியலோடு எழுதி ஒட்டினாள்.

ஆய்வாளரை அவளே அங்கே கூட்டிவந்தாள். “சார், இது நான் அடைச்சதில்ல. முதல்ல இதை அறுங்க. அப்புறம் என்னோடதுல எதை வேணும்னாலும் அறுங்க.”

ஆய்வாளர் பெயரைச் சத்தமாகப் படித்தார். மாமா ஏணியிலிருந்து இறங்கினார். கத்தி உள்ளே போனது. பச்சைக் கோடு போட்ட சாக்ஸ் ஒன்று வெளியே வந்தது.

அந்த சாக்ஸைத்தான் அக்கா ஒரு வாரமாக வீட்டைப் புரட்டிப்போட்டுத் தேடிக்கொண்டிருந்தாள். துணி மடித்தவள் நீதானே, நீதான் தொலைத்திருப்பாய் என்று தங்கையை வாங்கு வாங்கென்று வாங்கியும் இருந்தாள்.

அவள் அடைத்ததில் மூன்றை ஆய்வாளர் அறுத்தார். ஒன்றிலும் குறையில்லை. மாமாவின் ஓட்டையை மட்டும் தனியாகக் குறித்துக்கொண்டு, மற்றதற்கெல்லாம் கையெழுத்துப் போட்டார்.

மாமா மெல்லப் பக்கத்தில் வந்தார். “அக்காகிட்ட மட்டும் வாயத் திறந்துடாதம்மா.”

“சேச்சே, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் மாமா” என்றாள்.

சாக்ஸ் போட்டோ அக்காவுக்குப் போய்ச் சேர்ந்து ஐந்து நிமிடமாகியிருந்தது. மாமாவின் போன் அடித்தது.