இரண்டாவது சவ்வு

ஆஸ்பத்திரித் துணிகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் சலவைக் கூடத்தில் அவளுக்கு வைத்த பேர் ‘கறைக்கண்ணு’. துவைத்த விரிப்பை வெளிச்ச மேஜையில் போட்டால் கடுகளவு கறையும் அவளிடம் தப்பாது. இருபது வருஷம் அடுத்தவர் ரத்தத்தையும் சீழையும் பார்த்தே சம்பாதித்தவளுக்குத் தன் இடது காதில் வடிந்ததை மட்டும் பார்க்கச் சகிக்கவில்லை.

சின்ன வயதில் செவிப்பறையில் விழுந்த ஓட்டை. சளி பிடித்தால் மஞ்சளாக வடியும், ஊறிக் கிடந்த துணி வாடை அடிக்கும். பக்கத்து மேஜைக்காரி மூக்கைச் சுருக்கினால் போதும், இவளுக்குக் குமட்டும். உடனே குடைவாள். கைக்குட்டை முனை, ஊக்கு, பஞ்சுக்குச்சி, எது கிடைத்தாலும் சரி.

இடப்பக்கம் வந்த தள்ளுவண்டியின் சத்தம் கேட்காமல் இரண்டு தரம் இடிபட்டாள். “இன்னொரு தடவை ஆச்சுன்னா அழுக்குப் பிரிக்கிற ரூமுக்குப் போயிடு. அங்க வண்டி வராது” என்றார் சூப்பர்வைசர். துவைக்காத துணியைக் கையால் பிரிக்கும் அறை அது. அதற்குப் பயந்துதான் அறுவை சிகிச்சைக்கே ஒத்துக்கொண்டாள்.

காதுக்கு மேலே தசையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வை எடுத்து ஓட்டையை அடைத்தார்கள். நாலாவது மாதம் டாக்டரம்மா உள்ளே பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“ஒட்டலம்மா. பத்துப் பேருக்குப் பண்ணினா எட்டு ஒன்பது பேருக்கு ஒட்டிக்கும். ஒட்டலைன்னா இதுதான் காரணம்னு ஒண்ணைச் சொல்ல முடியாது. ஓட்டை பெருசா இருந்திருக்கலாம், காது சரியாக் காயாம இருந்திருக்கலாம். மூக்கை வேகமாச் சிந்துறது, தண்ணி போறது, குச்சி விட்டுக் குடையுறது. வீட்ல யாராவது சிகரெட் பிடிப்பாங்களா?”

அவள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். லிப்ட் மெக்கானிக்கான அவர் தன் நகத்திலிருந்த கிரீஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மற்ற காரணங்களெல்லாம் அந்த அறையிலேயே தங்கிவிட்டன. சிகரெட் மட்டும் அவளோடு வீட்டுக்கு வந்தது. “இவர் புகைதான் என் காதைத் தின்னுடுச்சு” என்று கேட்டவரிடமெல்லாம் சொன்னாள். நாத்தனார் கிளம்பி வந்து அண்ணனைப் பிடித்து உலுக்கினாள்: “மனுஷனா நீ? பொண்டாட்டி காதைவிட அந்தக் குச்சி பெருசாப் போச்சா உனக்கு?” அவர் முதலில் மாடிப்படிக்குப் போய் சிகரெட் பிடித்தார். பிறகு அதையும் விட்டுவிட்டு இரண்டு மாதம் எரிந்து விழுந்துகொண்டிருந்தார்.

காது நன்றாகக் காயும்வரை காத்திருந்து மறுபடி அறுவை சிகிச்சை. “ரெண்டாவது தடவைன்னா வாய்ப்பு கொஞ்சம் கம்மிதான்” என்றார் டாக்டரம்மா. “உள்ள வச்ச பஞ்சு கரைஞ்சு, கசிஞ்சு, நாறும். நாறட்டும். வெளிப்பஞ்சை மட்டும் மாத்துங்க. கை உள்ள போகவே கூடாது.”

பன்னிரண்டாம் நாள் கசிந்தது. பழுப்பாக, ரத்தம் கலந்து, கொழகொழவென்று. எல்லாம் தெரிந்திருந்தும் அவள் கண் அதைக் கறையாகத்தான் பார்த்தது. குளியலறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் தாழ்ப்பாள் சரியாக விழாத கதவைத் தள்ளிக்கொண்டு கணவர் எட்டிப் பார்த்தார்.

“என்ன பண்றே?”

“ஓரத்துல தொடைச்சேன், அவ்வளவுதான்.”

கைகழுவும் தொட்டியில் பழுப்பாக ஒரு பஞ்சுத் துணுக்கு கிடந்தது. அவர் அதையே பார்த்தார்.

“போன தடவையும் இப்படித்தானா?”

அவள் குழாயைத் திறந்து துணுக்கைத் தண்ணீரோடு தள்ளிவிட்டாள்.

“எத்தனாவது நாள்?”

“பத்தாம் நாள். ஒரு தடவைதான்னு நெனைச்சேன். அப்புறம் தினமும்.”

“என் தங்கச்சி என்னை மனுஷனான்னு கேட்டாளே, அப்ப நீ பக்கத்துல உக்காந்து பிஸ்கட் தின்னுக்கிட்டிருந்தே.” கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “செருப்பை மாட்டு. டாக்டர்கிட்ட போகலாம்.”

உறிஞ்சுகுழாய் காதுக்குள் சளசளவென்று இழுத்தது.

“யாரு இதைத் தொட்டது?”

கணவர் கதவோரம் நின்றார்.

“நான்தான். போன தடவையும் நான்தான். இவர் புகை இல்ல.”

“புகையும் நல்லது பண்ணாது. இதுதான் கெடுத்ததுன்னு இப்ப யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. ஆனா குடைஞ்சது சின்ன விஷயம் இல்ல.” டாக்டரம்மா இன்னும் குனிந்து பார்த்தார். “மேல் பஞ்சுதான் வந்திருக்கு. சவ்வு இருந்த இடத்துல இருக்கு. இன்னொரு தடவை கை வச்சா போயிடும்.”

அன்றிலிருந்து வெளிப்பஞ்சை அவர்தான் மாற்றினார். கிரீஸ் போக மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

“எனக்குக் குமட்டுது” என்பார்.

“எனக்கும்தான்.”

கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு தன் நாற்றத்தில் தானே உட்கார்ந்திருந்தாள். மூன்று வாரத்தில் கசிவு நின்றது. மூன்றாவது மாதம் சவ்வு முழுசாக மூடியிருந்தது. காது சோதனையில் கேட்கும் திறன் பாதிக்குமேல் திரும்பியிருந்தது. “மீதி வராது. உள் எலும்பு கொஞ்சம் இறுகியிருக்கு” என்றார் டாக்டரம்மா. தள்ளுவண்டிக்கு அது போதும். வெளிச்ச மேஜை தப்பித்தது.

வீட்டுக்கு வந்ததும் கணவர் போனை எடுத்து அவளிடம் நீட்டினார். “என் தங்கச்சிக்கு நீயே சொல்லு.”

இடது காதில் வைத்துக்கொண்டாள். பத்தாம் நாள், குச்சி, மாடிப்படி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

“சீ” என்றாள் நாத்தனார். அது தெளிவாகவே கேட்டது.