ஆற்றங்கரையில் சரிந்த மதில்

லுவார் நதிக்கரையில் இருக்கும் அந்தச் சின்னப் பிரெஞ்சு ஊரை நினைத்தால் எனக்குக் கோட்டையோ தேவாலயமோ நினைவுக்கு வருவதில்லை. சேர்ட்டின் கைகளை மடித்துவிட்டுக் குனிந்து கல் அடுக்கிய அத்தானின் முதுகுதான் வருகிறது. அத்தான் என் மூத்த அக்காவின் கணவர். யாழ்ப்பாணத்துக்கு அப்பால், நெடுந்தீவில் மாடு வளர்த்தவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் போருக்குத் தப்பி வந்து பாரிசில் என்னோடு ஒரே அறையில் இருந்தார். அவருடைய அகதி விண்ணப்பம் முடிவாகாமல் கிடந்தது. அது ஏற்கப்பட்டால்தான் அக்காவையும் பிள்ளைகளையும் கூப்பிடலாம். அதனால் வீதியில் பொலிஸைக் கண்டாலே எதிர்ப் பக்கம் மாறிவிடுவார்.

அறைக்குள் அடைந்து கிடக்கிறாரே என்று ஒரு ஞாயிறு நான்தான் அந்த ஊருக்குக் கூட்டிப்போனேன். ஒடுங்கிய தெருக்கள், மத்தியகாலத்துக் கல்வீடுகள். அத்தான் எதையும் மெச்சவில்லை. “உதைப் பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?” என்றார். ஆற்றோரம், சாந்து இல்லாமல் கல் அடுக்கிய பழைய மதிலொன்று ஓரிடத்தில் சரிந்து கிடந்தது. நான் ஆற்றைப் படமெடுத்துத் திரும்புவதற்குள் அவர் பாதியை அடுக்கிவிட்டார். நெடுந்தீவில் வேலியெல்லாம் அப்படி அடுக்கிய முருகைக்கல்தான், கடலில் விளையும் பவளக்கல். விழுந்த கல்லை வழியில் போகிறவர் எடுத்து வைத்துவிட்டுத்தான் போவார். யாருடைய வேலி என்று கேட்பதில்லை.

அந்த இடத்துக் காவலாளி ஒருவர் கத்திக்கொண்டு ஓடிவந்தார். திருத்த வேலைக்கு முன் அந்தக் கற்களைக் கிடந்தபடியே அளக்க இருந்தார்களாம். அத்தான் என் பின்னால் ஒதுங்கினார். “தம்பி, பொலிசைக் கூப்பிடப் போறானோ? என்ர கேஸ் போச்சுதோ?” நான் அரைகுறைப் பிரெஞ்சில் கெஞ்சினேன். அடுக்கியதையெல்லாம் திரும்பக் கீழே போட்டால் விடுவதாகக் காவலாளி சொன்னார். அத்தான் ஒவ்வொரு கல்லாகப் பிரித்துப் புல்லில் வைத்தார். எறியவில்லை, வைத்தார். எனக்குக் காவலாளியிலல்ல, அந்த ஊரிலேயே கோபம் வந்தது.

ரயிலில், “வேலி பிரிச்சுப் பழக்கமில்லை, தம்பி” என்று மட்டும் சொன்னார். போன கோடையில் தனியே போய்ப் பார்த்தேன். மதில் இப்போது முழுதாக நிற்கிறது. பார்க்கச் சீட்டு வாங்கவேண்டும்.

நாங்கள் அங்கே போய்வந்த அடுத்த வருடமே அத்தானுக்கு அகதி அந்தஸ்து கிடைத்திருந்தது. அக்காவும் பிள்ளைகளும் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் அத்தான் மெல்லக் கேட்டார்: “எங்கட மேற்கு வேலி நிக்குதோ?”

அக்கா யன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள்: “சரிஞ்சிட்டுது. எடுத்து வைக்க அந்தத் தெருவால ஆர் போகினம்? விழுந்தது விழுந்தபடி கிடக்குது.”