தண்ணீர்த் தொட்டிச் சந்தில் முப்பத்து மூன்று டிகிரி

ஒன்பதாம் வகுப்பு ஜோதிலட்சுமிக்கு வெயிலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அடையாற்றங்கரையில் அவர்கள் வீட்டுத் தகரக் கூரை காலை எட்டு மணிக்கே கொதிக்க ஆரம்பித்துவிடும். அதற்குள் ஆறு குடம் தண்ணீர் பிடித்துவைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடிவிடுவாள். அம்மா பாஞ்சாலி ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் ஆயா.

தொண்ணூற்றாறு ஜூலையில் புவியியல் டீச்சர் விஜயலக்ஷ்மி, பள்ளிக்குள் எந்த மூலையில் எவ்வளவு சூடு என்று அளக்கப் பிள்ளைகளை அனுப்பினார். ஐந்து இடம், ஐந்து தெர்மாமீட்டர், ஐந்து நாள், தினமும் இரண்டு மணிக்கு. அதை வண்ணப் படமாக வரைந்து மாவட்டக் கண்காட்சிக்கு அனுப்புவதாகத் திட்டம். ஜோதி அடம்பிடித்து வாங்கிய இடம், தண்ணீர்த் தொட்டிக்கும் வகுப்பறைச் சுவருக்கும் நடுவே கிழக்கு மேற்காக ஓடும் சந்து.

முதல் நாளே சொதப்பினாள். காய்ச்சல் பார்க்குமுன் அம்மா உதறுவதைப் போல தெர்மாமீட்டரை நாலு உதறு உதறினாள். குழாய்க்குள் பாதரசம் இரண்டு துண்டாகிவிட்டது.

"என்னடி, சந்துக்கு டைஃபாய்டா?" என்றான் பரத்வாஜ். வகுப்பே சிரித்தது.

டீச்சர் வேறொன்று தந்தார். ஆனால் அதற்கப்புறமும் மூன்று நாள் அவளுடைய சந்து முப்பத்து மூன்று. பரத்வாஜ் பார்த்த தூங்குமூஞ்சி மரத்தடி முப்பத்தாறு.

"மர நிழலை விடவா சிமெண்டுச் சந்து குளுகுளுன்னு இருக்கும்? மறுபடி உதறினியா?" என்று கேட்டார் டீச்சர்.

"சத்தியமா இல்ல டீச்சர். ரெண்டு மணிக்குக் கடல்காத்து அந்த வழியாத்தான் பூந்து வருது. மரத்தாண்ட பில்டிங் மறைச்சுகினு கீது."

"நாளைக்கு நானே பார்க்கிறேன். தப்புன்னா உன் இடம் படத்துல கிடையாது."

கடைசி நாள் டீச்சர் இருவரின் தெர்மாமீட்டரையும் மாற்றித் தொங்கவிட்டார். மரத்தடிக்கு அனன்யா காவல். மீதி நாற்பது பேரும் வேடிக்கை பார்க்கச் சந்துக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். இரண்டு மணி. முப்பத்தைந்து. முப்பத்தைந்தரை.

"ஏறிண்டேன்னா போறது!" என்றான் பரத்வாஜ்.

ஜோதி தெர்மாமீட்டரையே உற்றுப் பார்த்தாள். கழுத்தில் யாருடைய மூச்சோ சுட்டது. திரும்பினாள். கிழக்கு வாசலே தெரியவில்லை. வெள்ளைச் சட்டைகள் அடைத்துக்கொண்டிருந்தன.

"எல்லாரும் வெளிய போங்கடா! காத்து எப்படி வரும்?" என்று கத்தியபடியே தள்ளினாள். பிறகு, கொஞ்சம் தயங்கி, "நீங்களும் டீச்சர்."

டீச்சரும் மற்றவர்களோடு வெளியேறினார்.

சந்து காலியானதும் உப்பு ஈரத்தோடு காற்று சரசரவென்று நுழைந்தது. அவள் தெர்மாமீட்டரைத் தொடவேயில்லை. பத்து நிமிடம் பொறுத்து, "பரத்வாஜ், நீ மட்டும் வா. மூச்சை அடக்கிகினு படி" என்றாள்.

அவன் கன்னத்தை உப்பிக்கொண்டு குனிந்தான். கண் விரிந்தது. அடக்கிய மூச்சு வெடித்தது.

"முப்பத்து மூணு! டீச்சர், முப்பத்து மூணு!"

மரத்தடியிலிருந்து அனன்யா கத்தினாள்: "இங்கே முப்பத்தாறு!"

டீச்சர் குளிர்ச்சிக்கான நீலப் பென்சிலை ஜோதியிடம் நீட்டினார். "உன் சந்தை நீயே தீட்டு."

"அப்புறம் தீட்டறேன் டீச்சர். மூணு மணிக்கு இன்னா ஆவுதுன்னு பாக்கலாமா? மொட்டை மாடிலயும்?"

கணக்குப் பாடத்துக்கு மணி அடித்தது. ஒருவரும் நகரவில்லை.