மாமியார் கட்டிலுக்கு மேலே எழுதியது

எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷ் மட்டும் என் காலை வாரிவிட்டது. டீச்சர் டிரெயினிங் ஆசை அப்படியே நிற்க, கல்யாணமாகித் திண்டுக்கல்லுக்கு வந்து சேர்ந்தேன். இன்னும் ஒரே ஒரு தடவை எழுதிப் பார்க்க மாமியார் சம்மதித்தார். அதிலும் தவறினால் புத்தகத்தைப் பரணில் போட்டுவிட வேண்டும் என்பது பேச்சு.

எனக்கு எமனாக வாய்த்தது 'புட்' என்ற சொல். தனியாக இருந்தால் சாதுவாக 'வை' என்று பொருள் தரும். பின்னால் ஒரு குட்டிச் சொல் ஒட்டிக்கொண்டதும் ஆளே மாறிவிடும். உட்கார்ந்து மனப்பாடம் பண்ண வீட்டில் யார் விடுகிறார்கள்? அதனால் வேலை செய்யும் இடங்களிலேயே, வெள்ளையடித்த சுவரில் கரித்துண்டால் எழுதி வைத்தேன். அடுப்புக்கு மேலே 'புட் அவுட் – அணை'. துணிக்கொடிக்குப் பக்கத்தில் 'புட் ஆன் – உடுத்து'. என் வீட்டுக்காரர் நாலு மாதமாக மாற்றாத ஒழுகல் ஓட்டுக்குக் கீழே 'புட் ஆஃப் – தள்ளிப்போடு'. அவர் அதைப் படித்துவிட்டு, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றார்.

மிஞ்சியது 'புட் அப் வித் – பொறுத்துக்கொள்'. அதை மாமியார் கட்டிலுக்கு மேலே எழுதினேன். வேறு இடமில்லை என்று இன்றைக்கும் சாதிப்பேன், நம்புகிறவர்கள் நம்பட்டும். மாமியாருக்கு இங்கிலீஷ் தெரியாது. தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பார் என்பது எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது.

அழிப்பதற்குள் கீரனூரிலிருந்து சம்பந்தியம்மாள் வந்துவிட்டார். என் நாத்தனாருக்கு மாமியார். நேராக அந்தக் கட்டிலில் போய் உட்கார்ந்தார். தங்கள் வீட்டில் மருமகள் கையில் புத்தகமே கிடையாது என்று பெருமையாக ஆரம்பித்தவர், நிமிர்ந்து சுவரைப் பார்த்தார்.

"ஏனுங்க சம்பந்தி, பொறுத்துக்கொள்ளுன்னு உங்க கட்டலுக்கு மேல எழுதியிருக்குதுங்களே, ஆருங்க எழுதுனது?"

பரீட்சை போச்சு என்றே முடிவு கட்டினேன். மாமியார் ஒவ்வொரு எழுத்தாக வாய்க்குள் கூட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நாந்தான் எழுதச் சொன்னேன். மருமக பரிச்ச முடியிறவரைக்கும் வீட்டுல ஒரு வேலையும் ஓடாது. கோவம் வந்தா அண்ணாந்து பாத்துக்கிறலாம்ல."

சம்பந்தியம்மாள் காப்பியைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பினார். மாமியார் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோற்றுக்கு நான் வைத்த வெஞ்சனத்தில் இரண்டு நாள் உப்புக் குறை சொன்னதோடு சரி. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவர்மேல் கொள்ளைப் பிரியமாகவும் இருந்தது.

பரீட்சையில் கேள்வித்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு 'புட்' கூட இல்லை. வரிசையாக எல்லாம் 'லுக்'. இரண்டே மார்க்கில் போயிற்று.

ரிசல்ட் வந்த அன்று புத்தகத்தைப் பரணில் போட ஏணியை எடுத்தேன். மாமியார் வாளியில் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தார். என் எழுத்தையெல்லாம் மூடப் போகிறார் என்று தெரிந்ததும் அடக்க முடியாமல் அழுதேன். அவர் மட்டையால் வாளியைக் கலக்கிக்கொண்டே சொன்னார்:

"ஏணிய இங்கிட்டுப் போடுத்தா, மேல எனக்கு எட்டல. சுண்ணாம்பு காயவும் அந்த லுக்க எழுத ஆரம்பி. என் கட்டிலுக்கு மேல மட்டும் செத்த நல்லதாப் பாத்து எழுது."